ஆறாவது நிமிடம்

உலகத்தில் எந்த விஷயத்தைப் பற்றியும் என்னால் ஐந்து நிமிடம் பேச முடியும். எந்த விஷயத்தைப் பற்றியும் ஆறாவது நிமிடம் பேச முடியாது. கருந்துளை, கருங்கடல், கறுப்பு மரணம் எதுவானாலும் இதே அளவுதான். என் ஞானம் முழுவதும் கைபேசியில் வரும் குட்டிக் காணொளிகளின் உபயம். அவை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. நானும் முடிந்துவிடுகிறேன்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் பாடங்களோடு எனக்கு ஒட்டுதல் கிடையாது. ஒளிவிலகல் என்றால் பிரம்பு, பானிபட் என்றால் ஆண்டு, பீடபூமி என்றால் வரைபடத்தில் வண்ணம் தீட்டத் தவறியதற்கு முட்டி போடுதல். இப்போது அதே ஒளிவிலகல் அழகான ஓவியங்களோடும் இனிமையான குரலோடும் என் மடியில் வந்து விழுகிறது. பரீட்சை இல்லை. ஐந்து மதிப்பெண் வினா இல்லை. குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது மாமியாரை மறந்துவிட்டேன். எண்பதைத் தாண்டியவர், பாபநாசத்துக்காரர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், எங்களோடு மடிப்பாக்கத்தில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

இது இந்தக் காலத்து வியாதி என்கிறாள் மனைவி. அவளுக்கு வரலாறு தெரியாது. நான் காணொளியில் பார்த்திருக்கிறேன். 1948-இல் மத்திய அரசு திரைப்படப் பிரிவு என்று ஒன்றை வைத்துக் குறும்படங்களாக எடுத்துத் தள்ளியது. எந்தக் கொட்டகையில் எந்தப் படம் ஓடினாலும் முதலில் அரசாங்கப் படம் ஒன்று ஓடியாக வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். வாள் வீசுவதைப் பார்க்க வந்தவன் அதற்கு முன்னால் ஏதோ ஒரு அணைக்கட்டின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும். முறுக்கு வாங்கிவர ஒதுக்கப்பட்ட நேரம் அது என்று பலர் நினைத்தார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். முறுக்குக்குக் காசு இல்லாததும் ஒரு காரணம். பிறகு 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பகல் வேளையில் பாடம் நடத்த ஆரம்பித்தது. கல்லூரி மாணவர்களுக்கான நிகழ்ச்சி. எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர்கள் காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்தவர்கள். ஜூனியர் விகடனில் சுஜாதா ‘ஏன் எதற்கு எப்படி’ என்று வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் அரைப் பக்கம்கூட வராது. டீக்கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் குவாண்டம் முடிந்துவிடும். ஆக, இந்தப் பழக்கத்துக்கு நல்ல பரம்பரை உண்டு.

யூடியூபில் முதன்முதலாக ஏற்றப்பட்ட காணொளியே இந்த வகைதான் என்பது என் கட்சி. 2005 ஏப்ரல் 23. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இவற்றுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்று தெரிவிக்கிறார். மொத்தம் 19 விநாடி. சுருக்கமானது, பிழையில்லாதது, பின்னணி இசை இல்லாதது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பாராட்டும்படியாக ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

என் சேவை அதிகம் தேவைப்படும் இடம் சமையலறை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அங்கே இருப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். ஒருநாள் காலை, தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மனைவி தண்ணீர் தெளித்தாள். துளிகள் சுர்ரென்று மறையாமல் முத்து முத்தாகத் திரண்டு கல்லின் மேல் ஓடின. “ஆகா, லைடன்ஃப்ராஸ்ட்!” என்று கத்திவிட்டேன். பல்லி விழுந்துவிட்டதோ என்று அவள் கரண்டியோடு பின்வாங்கினாள். யோஹான் காட்லாப் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதை ஆராய்ந்து எழுதினார் என்று ஆரம்பித்தேன். கல்லின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டி 200 டிகிரி பக்கத்தில் போய்விட்டால், துளியின் அடிப்பாகம் கல்லைத் தொட்டவுடனே ஆவியாகி மெல்லிய படலமாகிவிடுகிறது. மீதித் துளி அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆவி சூட்டை அவ்வளவாகக் கடத்தாது. அதனால்தான் சூடு குறைவான கல்லில் சுர்ரென்று தீர்ந்துபோகிற துளி இருநூறு டிகிரியில் இத்தனை நேரம் ஓடி விளையாடுகிறது.

“அப்படின்னா கல்லு ரொம்பக் காஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அதை முதல்லயே சொல்லியிருந்தா அடுப்பைக் குறைச்சிருப்பேன்ல?” என்றாள்.

அது காணொளியில் வரவில்லை.

குக்கர் விவகாரம் இதைவிட மோசம். விசில் எண்ணிச் சமைப்பது அறிவியலுக்கு ஒவ்வாத வழக்கம் என்று ஒரு காணொளி எனக்குப் போதித்திருந்தது. அதில் உண்மையும் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். வீட்டுக் குக்கரில் அது 120 டிகிரி வரை போகும். உள்ளேயுள்ள அழுத்தம் மேலேயிருக்கும் வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு வந்தால் ஆவி வெளியேறுகிறது, அதுதான் விசில். அடுப்பைப் பெரிதாக வைத்தால் விசில் சீக்கிரம் வரும், பருப்பு சீக்கிரம் வேகாது. தீயைக் குறைத்து அழுத்தத்தை அப்படியே நிறுத்தி, நேரத்தைப் பார்ப்பதுதான் முறை. இதைக் கண்டுபிடித்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், 1679-இல். பாத்திரம் வெடிக்காமலிருக்க ஆவி வெளியேறும் வால்வையும் அவரே யோசித்தார். 1682-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். எலும்புகூட மெத்தென்று வெந்திருந்ததாக விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் மாமியாருக்குக் கேட்கும்படி உரத்த குரலில் சொல்ல வேண்டியிருந்தது. மேல்வீட்டுக்காரர்களும் பயனடைந்தார்கள்.

“எந்தப் பாப்பா?” என்றார் மாமியார்.

“பாப்பா இல்லை அத்தை, பாப்பின். பிரான்ஸ்காரர்.”

“சரி. விசில் கூடாதுன்னா, வெந்துபோச்சுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?”

“அழுத்தம் நிலையா நின்னதும் கடிகாரத்தைப் பார்க்கணும் அத்தை.”

“எவ்வளவு நேரம்?”

“அது பருப்பைப் பொறுத்தது.”

“துவரம்பருப்பு.”

“தண்ணியையும் பொறுத்தது.”

“இந்த வீட்டுத் தண்ணி.”

ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. மாமியார் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பி, “மூணு விசில் வச்சு இறக்கு” என்றார்.

வரலாற்றுப் பிரிவில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். பால்கனியில் புறாத் தொல்லை தாங்காமல் நான் வலை, பழைய சிடி, பளபளக்கும் காகிதம் என்று போர் நடத்திக்கொண்டிருந்த சமயம். ஆஸ்திரேலியாவில் 1932-இல் நடந்த ஈமு யுத்தம் பற்றிய காணொளி கண்ணில் பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்குள் ஈமுக் கோழிகள் ஆயிரக்கணக்கில் புகுந்துவிட, அரசாங்கம் ராணுவத்தை அனுப்பியது. இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், பத்தாயிரம் தோட்டாக்கள், தலைமை தாங்க ஒரு மேஜர். சுட ஆரம்பித்ததும் ஈமுக்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து ஓடின. ராணுவம் திரும்பிவிட்டது. ஈமு இன்றைக்கும் அந்த நாட்டு அரசு முத்திரையில் கங்காருவோடு கம்பீரமாக நிற்கிறது. இவ்வளவையும் சொல்லி, ஆகவே புறாக்களிடம் நான் தோற்றது ஒன்றும் கேவலமில்லை என்று முடித்தேன். “அவங்ககிட்டத் துப்பாக்கியாவது இருந்துச்சு. நீங்க சிடியைக் கட்டித் தொங்கவிட்டீங்க. அதுவும் இளையராஜா சிடி” என்றாள் மனைவி.

புவியியலில் மட்டும் ஒரே ஒரு வெற்றி. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே கூச் பிகார் பக்கம் இருந்த திட்டு நிலங்களைப் பற்றிய காணொளி அது. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள். அதிலும் தஹாலா காக்ராபாரி என்ற துண்டு நிலம் உலகப் புகழ் பெற்றது. வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் திட்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் திட்டு, அதற்குள் மறுபடியும் இந்தியா. படம் போட்டுக் காட்டியும் எனக்கு இரண்டு தடவை பார்த்த பிறகுதான் பிடிபட்டது. மாமியாருக்குச் சொன்ன மாத்திரத்தில் பிடிபட்டுவிட்டது. காரணம், மாமனார் வழிப் பாபநாசம் வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம். பெரியவர் பங்குக் கூடத்துக்குள் சின்னவரின் நெல் அறை, அந்த அறைக்குள் பெரியவரின் பரண்.

“கடைசியில என்ன பண்ணாங்க?” என்று ஆவலாகக் கேட்டார்.

“2015 ஜூலை 31 நடுராத்திரியில ரெண்டு நாடும் மாத்திக்கிட்டாங்க அத்தை. அங்கே இருந்த ஜனங்க எந்த நாடு வேணும்னு அவங்களே தேர்ந்தெடுத்துக்கிட்டாங்க.”

“எத்தனை வருஷம் இழுத்துச்சு?”

“1947-லேர்ந்து கணக்கு வச்சா அறுபத்தெட்டு வருஷம்.”

“பரவாயில்லை, சீக்கிரம் முடிச்சுட்டாங்க” என்றார்.

எல்லாக் காணொளிகளும் இவ்வளவு சமாதானமாக முடிவதில்லை. தண்ணீர்த் தொட்டிக் காணொளி எங்கள் குடும்பத்தை ஏறக்குறைய இரண்டாக்கிவிட்டது. பூமத்திய ரேகைக்கு வடக்கே குழியில் இறங்கும் தண்ணீர் ஒரு பக்கமாகவும் தெற்கே எதிர்ப் பக்கமாகவும் சுழலும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. வாஷ்பேசினைப் பொறுத்தவரை அது பொய். பூமியின் சுழற்சி அவ்வளவு சிறிய தண்ணீரில் காட்டும் விளைவு மிக மிக அற்பம். பேசினின் வடிவமும், நாம் தண்ணீரைத் திறந்துவிட்ட விதமும் அதை விழுங்கிவிடும். ஆனால் முற்றிலும் பொய்யுமல்ல என்பதில்தான் வினை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபிரோ என்ற பேராசிரியர் ஆறடி விட்டமுள்ள தொட்டியில் தண்ணீரை நிரப்பி, 24 மணி நேரம் யாரும் தொடாமல், காற்றுகூடப் படாமல் வைத்திருந்து, அடியிலிருந்த சிறு துளையை மெல்லத் திறந்துவிட்டார். தண்ணீர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றது. ஆண்டு 1962. 2015-இல் டெரெக் முல்லர் சிட்னியிலும், டெஸ்டின் சாண்ட்லின் அமெரிக்காவின் அலபாமாவிலும் குழந்தைகள் குளிக்கும் தொட்டிகளை வைத்து இதையே செய்தார்கள். இரண்டு காணொளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் இரண்டு தொட்டிகளும் எதிரெதிராகச் சுழல்வது தெரியும்.

எனக்கு அதை மடிப்பாக்கத்தில் செய்து பார்க்க வேண்டும். மகள் சிறுவயதில் குளித்த தொட்டி பரணில் இருந்தது. பிரச்சினை தொட்டியில் இல்லை. மே மாதம், வாரம் இரண்டு லாரித் தண்ணீர், குடும்பத்தில் நான்கு பேர். ஒரு தொட்டித் தண்ணீரை ஒருநாள் முழுவதும் தொடக் கூடாது என்று நான் அறிவித்ததும் வீட்டில் ஓர் அமைதி நிலவியது. மகள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

“அப்பா, எம்.ஐ.டி. இருக்கற பாஸ்டன் பக்கம் 42 டிகிரியில இருக்கு. நாம 13 டிகிரியில இருக்கோம். அந்த விளைவு அட்சரேகையோட சைனைப் பொறுத்தது. அங்கே இருக்கறதுல மூணுல ஒரு பங்குதான் இங்கே இருக்கும். நீங்க ஒரு நாள் இல்ல, அதைவிட ரொம்பக் கவனமா வச்சிருந்தாத்தான் ஏதாவது தெரியும்.”

பெற்ற மகளைப் படிக்கவைத்தது தவறோ என்று தோன்றிய தருணம் அது. அந்தத் தொட்டித் தண்ணீரில் அன்று மாலை துணி அலசினார்கள். எந்தப் பக்கம் சுழன்றது என்று பார்க்க என்னை அனுமதிக்கவில்லை.

இந்த இடத்தில் என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். என் மாதிரி ஆட்கள் உலகெங்கும் இருக்கிறோம், எங்களைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. ஜிப், தையல் மிஷின், பூட்டு, கக்கூஸ் ஃப்ளஷ் ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, இப்போது படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுத ஆரம்பித்த பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டபோது எல்லோரும் மளமளவென்று குறைத்துக்கொண்டார்கள்.

நான் இந்தச் சோதனையில் ஃப்ளஷ் பிரிவில் பங்கேற்றிருக்கிறேன். எங்கள் வீட்டு டேங்க் ஒழுகியது. பிளம்பர் வந்தார், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவர் பையைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில் ஃப்ளஷ்ஷை யோசித்த ஜான் ஹாரிங்டன், 1596. பிறகு 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்பதால்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறுவதில்லை. பிளம்பர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சூப்பர் சார். மெயின் வால்வு எங்கே இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மாமியார்தான் கட்டிலில் படுத்தபடியே கையைக் காட்டினார். பிளம்பர் ஒரு வாஷரை மாற்றிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு, போகும்போது ஹாரிங்டன் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வீட்டில் சொல்வதற்காக இருக்கலாம். இப்படித்தான் பரவுகிறது.

தண்ணீர்த் தொட்டி டெரெக் முல்லர் என்று சொன்னேனே, அவர் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. வெரிட்டாசியம் என்ற பெரிய அறிவியல் சேனலைத் தொடங்கியவர். அதற்கு முன்னால் சிட்னி பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கியதே, இயற்பியல் சொல்லித்தரும் காணொளிகளை எப்படி எடுத்தால் பார்ப்பவன் மண்டையில் ஏறும் என்ற ஆராய்ச்சிக்குத்தான், 2008-இல். மேலே வீசிய பந்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று தெள்ளத் தெளிவாக விளக்கும் காணொளியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ரொம்பத் தெளிவு, ரொம்ப எளிமை என்று பாராட்டினார்கள். தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையும் ஏறியது. மதிப்பெண் மட்டும் அசையவில்லை. ஏனென்றால் ஏற்கெனவே மனதில் இருந்த தப்பான எண்ணத்தையே காணொளியும் சொல்வதாக நினைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்கள். இன்னொரு கூட்டத்துக்கு, அந்தத் தப்பான எண்ணத்தையே ஒருவர் வாதாட, மற்றவர் அதை மறுத்துப் பேசும் காணொளியைக் காட்டினார். குழப்பமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் மதிப்பெண் நன்றாக ஏறியது.

படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இத்தனை காலமாக நான் பார்த்த காணொளிகள் எல்லாமே ரொம்பத் தெளிவு, ரொம்ப எளிமை.

உடனே ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மேலே வீசினேன், பிடித்தேன். “இது மேலே போயிட்டிருக்கும்போது இது மேலே எந்தெந்த விசை இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்” என்றேன். “ஊறுகாய்க்கு வச்ச பழம், கீழே போட்டுறாதீங்க” என்றாள் மனைவி. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேலே தள்ளும் விசை ஒன்று, கீழே இழுக்கும் புவியீர்ப்பு ஒன்று, இரண்டும் சண்டை போடுகின்றன என்று எல்லோரும் சொல்வார்கள், நான் மடக்கலாம் என்பது திட்டம்.

“கையை விட்டப்புறம் அதைத் தள்ள யாரு இருக்கா?” என்றார் மாமியார்.

சரியான விடை. காற்றின் தடையைத் தள்ளிவிட்டால், கையை விட்ட கணத்திலிருந்து புவியீர்ப்பு ஒன்றுதான். மேலே போவது ஏற்கெனவே இருக்கும் வேகத்தால். அரிஸ்டாட்டில் வழியில் வந்தவர்கள் எறிந்த பொருளைத் தள்ளிக்கொண்டு போவது எது என்று தேடித் தேடி நூற்றாண்டுகள் அலைந்தார்கள். பாபநாசத்தில் மாங்காய் அடித்துப் பழகியவருக்கு அது தேவைப்படவில்லை. மடக்குவதற்காக நான் தயாரித்து வைத்திருந்த நான்கரை நிமிடம் வீணாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு மாறுதல். காணொளி பார்த்து முடித்ததும் நேராக மாமியாரின் கட்டிலுக்குப் போகிறேன். ஞானம் வழங்குவதற்கு அல்ல, வதைபடுவதற்கு. அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏன் மாப்பிள்ளை?” முதல் ஏனுக்குக் காணொளியில் பதில் இருக்கும். இரண்டாவது ஏனில் நான் திண்டாடுவேன். ஃபேன் ஓடினால் ஏன் குளிருகிறது என்று ஆரம்பித்தோம். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, உடம்பின் மேலிருக்கும் வியர்வையை ஆவியாக்குகிறது, அதனால்தான் குளிர்ச்சி, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் மோட்டார் சூடு வேறு சேரும் என்றேன். ஏன் வியர்வை ஆவியானால் குளிரணும் என்றார். மறுபடி கைபேசியைத் தேடி ஓடினேன். வேகமான மூலக்கூறுகள் வெப்பத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவிடுகின்றன, மெதுவானவை மிஞ்சுகின்றன என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். “அப்ப மழைக்கு முந்தி புழுங்கும்போது ஃபேன் போட்டாலும் ஏன் ஆத்த மாட்டேங்குது?” என்றார். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக இடமில்லை. இதை நானே யோசித்துச் சொன்னேன். எந்தக் காணொளியிலும் பார்க்கவில்லை. ஆறாவது நிமிடத்துக்குள் நான் காலடி எடுத்துவைத்தது அன்றைக்குத்தான். கைதட்ட ஆளில்லை. மாமியார் தூங்கிவிட்டிருந்தார்.

இவ்வளவு பக்குவம் வந்த பிறகுதான் தஞ்சாவூர்ப் பயணம் வாய்த்தது. சகலை குடும்பமும் கூட வந்தது. சகலை எனக்கு நேர் எதிர்த் திசைக்காரர். அவர் பார்ப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளிகள், கீழே நெருப்புப் படமும் மேலே அதிரடி மேளமும் உள்ளவை. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, இன்றைய விஞ்ஞானிகளே வியக்கிறார்கள் என்று அப்படி ஒன்றை மூன்று குழுக்களில் பகிர்ந்திருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. இருநூறு அடியைத் தாண்டும் விமானத்தை 1010-இல் எழுப்பி முடித்த ராஜராஜனுக்கு இந்தப் பொய்யால் ஆகவேண்டிய புகழ் எதுவும் இல்லை. உச்சிவேளையில், அதுவும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி, எந்தக் கோபுரத்தின் நிழலும் அதன் அடியிலேயே அடங்கிவிடும். காலையிலும் மாலையிலும் நன்றாக நீளும். இதை நேரிலேயே நிரூபித்துக் காட்டுவதாகச் சகலையிடம் சவால் விட்டேன்.

மாலை நான்கு மணி. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். கல்தளம் பகல் முழுக்கக் காய்ந்திருந்தது. நான் முற்றத்தின் நடுவில் நின்று பேச்சைத் தொடங்கினேன். நிழலோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அங்கே லாம்டனையும் சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் மடிப்பாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் பரங்கிமலையில் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். அங்கிருந்து வளர்ந்த நில அளவைதான் பிற்பாடு இமயமலையின் உயரம் வரை போனது. கோணம் அளப்பதற்கு அவர் வரவழைத்த தியோடலைட் அரை டன் எடை. அது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அத்தனை கண்டங்களைத் தாண்டி வந்த அந்தக் கருவியை 1808-இல் இதே பெரிய கோயிலில் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் மனம் தளராமல் அதைப் பிரித்துப் போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே நிமிர்த்திச் சரிசெய்தார்.

பாதம் பழுத்துக்கொண்டிருந்தது. இடது காலிலும் வலது காலிலும் மாறி மாறி நின்றபடி 1808-ஐ முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே யாரும் இல்லை. மனைவி, மகள், சகலை, கொழுந்தியாள் எல்லோரும் தள்ளிப் போய், கிழக்குப் பக்கம் நீளமாக விழுந்திருந்த விமானத்தின் நிழலில் சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

“இதைத்தான் நான் சொன்னேன், இதோ பாருங்க நிழல்!” என்று ஓடினேன்.

“நிழல்தான். யாரு இல்லேன்னா? வந்து உட்காருங்க சகலை” என்றார் சகலை. அந்தக் காணொளியை அவர் இன்றுவரை எந்தக் குழுவிலிருந்தும் நீக்கவில்லை. போன வாரம் நான்காவது குழுவுக்கும் அனுப்பியிருக்கிறார்.

அதனால் காணொளி எடுக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு குடும்பஸ்தனின் விண்ணப்பம். நீங்கள் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஓய்வூதியத்தில் கட்டுப்படியாகிற ஒரே வெளிநாட்டுப் பயணம் எங்களுக்கு இதுதான். ஆனால் பதிலை எடுத்த எடுப்பிலேயே பரிமாறாமல், கேள்வியைக் கொஞ்ச நேரம் எங்களிடம் விட்டு வையுங்கள். நாங்கள் தப்பாக நினைத்திருப்பது எது என்று முதலில் எங்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். நல்ல தமிழ்க் குரலில் இன்னும் நிறைய எடுங்கள், மாமியாருக்கு நான் மொழிபெயர்க்கிற வேலை மிச்சமாகும். இரண்டாவது ஏனுக்குப் பதில் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் இன்னும் தெரியாது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், அதைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறேன். முக்கியமாக, பெருவெடிப்புக்கும் டைனோசார் அழிவுக்கும் போடுகிற அந்தப் பின்னணி இசையைக் குறையுங்கள். நான் பார்ப்பது ராத்திரி பதினொரு மணிக்கு மேல். பக்கத்தில் ஆள் தூங்குகிறாள்.